விளைச்சலுக்கு உரியவர் யார்?

அறுவடை என்னும் சொல்லைக் கேட்டதும் நம் உள்ளத்தில் முதலில் எழுவது மகிழ்ச்சி. ஆனால் அந்த மகிழ்ச்சியின் அடியில் ஒரு கேள்வியும் உறங்கிக் கிடக்கிறது. விளைந்து நிற்கும் பயிர் யாருடையது? உழுது விதைத்தவருடையதா? நிலத்துக்குப் பட்டா வைத்திருப்பவருடையதா? விதைப்புக்குக் கடன் கொடுத்தவருடையதா? பசியோடு வேலியோரம் நிற்பவருடையதா? அல்லது மழையையும் வெயிலையும் அனுப்பிய இறைவனுடையதா?

எல்லாம் இறைவனுடையதே என்று ஒரே சொல்லில் விடை கூறிவிட்டு எழுந்துவிடுதல் எளிது. அவ்விடை உண்மையே. ஆயினும் உண்மையான விடையை வாயால் சொல்லிவிட்டு, அது சுமத்தும் கடமைகளிலிருந்து நழுவிவிடுவதும் மனித இயல்பே அன்றோ? ஆகவே, இக்கேள்வியை ஒரு பரங்கிக் கொடியைத் துணைகொண்டு சற்றுப் பொறுமையாக ஆராய்வோம்.

மேலைநாடுகளில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மரங்கள் இலையுதிர்க்கும் வேளையில் அறுவடை முடிகிறது. குடும்பப் பண்ணைகளின் முற்றத்தில் குவித்து வைக்கப்படும் பரங்கிக்காய்கள் அப்பருவத்தின் அடையாளம். நமக்கோ அவை புரட்டாசியும் ஐப்பசியும். வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கி வானத்தைப் பார்க்கும் மாதங்கள். நம் பரங்கி ஆடிப் பட்டத்தில் ஊன்றப்பட்டு, ஐப்பசி மழையில் கொடியோடி, மார்கழிப் பனியில் முற்றி, தைப் பொங்கலுக்கு வீடு வந்து சேருவது.

கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாக நெய்வேலி செல்லும் சாலையில் இருக்கிறது குள்ளஞ்சாவடி. அதைச் சுற்றியுள்ள மேட்டு நிலம் செம்மண் பூமி. முந்திரித் தோப்புகளும் மல்லாட்டைக் கொல்லைகளும் வேலியோரப் பலாமரங்களும் அம்மண்ணின் செல்வங்கள். இந்த வட்டாரத்துச் சிறு குடும்பங்களில் பரங்கி பெரும்பாலும் தனிப்பயிராக மதிக்கப்படுவதில்லை. கொல்லையின் ஓரத்திலோ, எருக்குழி மேட்டிலோ, கிணற்றடியிலோ வீட்டுப் பெண்கள் நான்கு விதை ஊன்றி வைப்பர். கணக்கு நோட்டில் இடம்பெறாத அந்தக் கொடிதான் தையில் குடும்பத்தின் பொங்கல் குழம்புக்குக் காய் தருகிறது. அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஒரு கீற்றும் தருகிறது. கணக்கில் வராத பொருளிடத்தில்தான் உடைமை பற்றிய நம் எண்ணங்கள் தெளிவாகத் தெரியும்.

உழைப்பும் கொடையும்

விளைச்சல் உழைத்தவனுக்கே உரியது என்பது நம் மனத்தில் முதலில் தோன்றும் நியாயம். ஆங்கிலத் தத்துவ ஞானி ஜான் லாக், 1689-ஆம் ஆண்டில் வெளியான தம் அரசியல் நூலில் இந்நியாயத்தை ஒரு கோட்பாடாகவே வகுத்தார். மனிதன் தன் உடலின் உழைப்பை இயற்கைப் பொருளோடு கலக்கும்போது அப்பொருள் அவன் உடைமையாகிறது என்பது அவர் வாதம். பிறருக்கும் போதிய அளவும் அதே தரமும் எஞ்சியிருக்க வேண்டும் என்ற வரம்பையும் அவரே இட்டார். பிற்காலத்தார் பலர் முதற்பாதியை நினைவில் வைத்துக்கொண்டு வரம்பை மறந்துபோயினர்.

இக்கோட்பாட்டில் உண்மை உண்டு. குழி எடுத்து, மக்கிய எரு இட்டு, விதை ஊன்றி, முளைத்தவற்றில் வலுவானவற்றை விட்டு மற்றவற்றைக் களைந்து, நீர் ஊற்றி, பிஞ்சு மண்ணில் பட்டு அழுகாதபடி அடியில் வைக்கோல் இட்டவருக்கு அக்காயின் மீது உரிமை இல்லை என்று யாரும் சொல்ல இயலாது. உழைப்பாளியின் கூலியைப் பிடித்து வைப்பது விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவம் என்றே திருச்சபை கற்பித்து வந்துள்ளது.

ஆனால் பரங்கிக் கொடியைக் கூர்ந்து நோக்கினால் அந்நியாயம் முழுமை அல்ல என்பது விளங்கும். இக்கொடியில் ஆண் பூ தனி. பெண் பூ தனி. பெண் பூவின் அடியிலே சிறு உருண்டையாகப் பிஞ்சு தெரியும். மார்கழியில் நம் பெண்கள் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகுவது பிஞ்சற்ற ஆண் பூவைத்தான். பிஞ்சுள்ள பூவைப் பறிக்கும் பேதைமை அவர்களிடம் இல்லை. பூக்கள் விடியலில் மலர்ந்து உச்சிப் பொழுதுக்கு முன்னரே சுருங்கிவிடும். பரங்கியின் மகரந்தம் கனமும் பிசுபிசுப்பும் உடையது. காற்று அதைச் சுமக்காது. அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒரு தேனீயோ வண்டோ ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்குச் செல்ல வேண்டும். செல்லாவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்துபோகும். உழவன் எத்தனை குடம் நீர் ஊற்றியிருந்தாலும் அந்தக் காய் இல்லை.

காலத்தின் பங்கும் அவ்வாறே. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-1 என்னும் பரங்கி வகையின் வயது 175 நாள். காய் ஏழெட்டுக் கிலோ எடை வரும். கோ-2 என்னும் சிறுகாய் வகைக்கு 135 நாள். அந்த நாள்களை உழைப்பால் சுருக்க இயலாது. பங்குப் பணியின்போது முதிய உழவர் ஒருவரிடம், இத்தனை பெரிதாகிவிட்ட காயை ஏன் இன்னும் பறிக்கவில்லை என்று கேட்டேன். "சாமி, காய் பெருத்தது நமக்குத் தெரியும், முற்றியது காம்புக்குத்தான் தெரியும்" என்றார் அவர். காம்பு பச்சையாய் இருக்கும்போது பறித்த காய் சில நாளில் சுருங்கி அழுகும். காம்பு காய்ந்து, நகம் இறங்காத அளவு தோல் தடித்தபின் பறித்த காய் உறியிலும் பரணிலும் மாதக்கணக்கில் இருக்கும்.

ஆகவே, ஒரு பரங்கிக்காய் என்பது உழைப்பும் கொடையும் சேர்ந்த ஒன்று. உழைப்பை மட்டும் பார்ப்பவன் செருக்குறுகிறான். கொடையை மட்டும் பார்ப்பவன் உழைப்பாளியை மறக்கிறான். புனித தாமஸ் அக்குவினாஸ் இவ்விரண்டையும் அழகாக இணைத்துக் காட்டுகிறார். பொருளை ஈட்டவும் நிருவகிக்கவும் மனிதனுக்கு உரிமை உண்டு. ஆனால் அதைப் பயன்படுத்தும்போது பொதுவானதாகக் கருதி, தேவையுற்றோருடன் பகிர ஆயத்தமாயிருக்க வேண்டும் என்பது அவர் போதனை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987-இல் விடுத்த சமூகச் சுற்றுமடலில் இதனையே தனியுடைமையின் மீதுள்ள ஒரு சமூக அடமானம் என்று குறிப்பிட்டார். அடமானம் என்ற சொல்லின் பொருளை நம் உழவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பத்திரம் நம் பெயரில்தான் இருக்கும். ஆனால் வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியது அதன்மேல் நிற்கும்.

பரங்கி என்னும் பெயர்

இக்கொடியின் பெயரும் நமக்கொரு பாடம். தென் மாவட்டங்களில் பூசணி என்றே அழைக்கப்படும் இக்காய்க்கு நம் பகுதியில் வழங்கும் பெயர் பரங்கிக்காய். பரங்கி என்றால் கடல் கடந்து வந்த ஐரோப்பியன். நம் மாவட்டத்திலேயே வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில், போர்த்துக்கீசியர் வந்து தங்கிய ஊருக்குப் பரங்கிப்பேட்டை என்று பெயர். பரங்கிக்காயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். அதன் உறவுக்கொடி ஒன்றின் விதைகள், ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமை உடையவை, மெக்சிகோ நாட்டுக் குகையொன்றில் கிடைத்துள்ளன. குள்ளஞ்சாவடிக் கொல்லைகளை நிரப்பியிருக்கும் முந்திரியும் மல்லாட்டையும், நம் குழம்புக்குக் காரம் தரும் மிளகாயும் அவ்வாறே அக்கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. வந்தேறியான பரங்கிக்காய் இன்று பொங்கற் பானைக்கு அருகில் அமர்ந்திருக்கிறது. அதனை அயல்நாட்டது என்று யாரும் ஒதுக்குவதில்லை.

தமிழகக் கத்தோலிக்கருக்கு இச்சொல் வேறொரு நினைவையும் தருகிறது. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, கிறிஸ்தவம் பரங்கி மார்க்கம் அன்று என்பதை நிலைநாட்டவே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். பரங்கி என்று இகழப்பட்ட வேதம் இம்மண்ணில் வேரூன்ற வேண்டுமாயின், அது இம்மண்ணின் நீரைக் குடித்து வளர வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இஸ்ரயேல் மக்கள் தம் நிலத்தின் முதற்பலனைக் கூடையில் வைத்து ஆண்டவர் திருமுன் கொண்டுவரும்போது சொல்ல வேண்டிய அறிக்கை இணைச்சட்ட நூலில் உள்ளது (இச 26). அந்த அறிக்கை தன் வயலின் பெருமையோடு தொடங்கவில்லை. தன் மூதாதை இடமின்றி அலைந்த அயலான் என்பதை ஏற்றுக்கொள்வதோடு தொடங்குகிறது. லேவியர் நூல் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. நிலம் ஆண்டவருடையது, அதில் வாழ்வோர் அவரிடம் தங்கியிருக்கும் அயலாரும் விருந்தினருமே என்று அது கற்பிக்கிறது (லேவி 25:23). பட்டாவில் பெயருள்ளவனும் விருந்தினன்; கூலிக்கு வந்தவனும் விருந்தினன்; கொல்லையோரத்துப் பரங்கிக் கொடியும் விருந்தினன்.

பந்தி நீதி

நாம் விருந்தினர் என்றால் நமக்கு உரிமையே இல்லை என்று பொருளாகுமா? நம் தமிழ்ப் பண்பாட்டை அறிந்தவர் அவ்வாறு சொல்லமாட்டார். விருந்தினனுக்கு வீட்டின் மீது உரிமை இல்லை. ஆனால் பந்தியில் அமர்ந்து, இலை போட்டுத் தண்ணீர் தெளித்தபின் அவனை எழுப்பும் உரிமை வீட்டுக்காரனுக்கே இல்லை. தீராத பகையாளியே வந்து அமர்ந்திருந்தாலும் அவன் உண்டு எழும்வரை வீடு பொறுத்திருக்க வேண்டும். சாப்பிடுகிறவனைப் பாதியில் எழுப்பியவன் பெயரை ஊர் இரண்டு தலைமுறைக்கு மறப்பதில்லை. இதனைப் பந்தி நீதி என்று அழைப்போமாக.

திருச்சட்டம் இந்நீதியை நன்கு அறிந்திருந்தது. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டலாகாது என்பது அதன் கட்டளை (இச 25:4). கதிரின் மீது நடக்கும் மாடும் பந்தியில் அமர்ந்திருப்பதே. அறுவடையின்போது வயலோரத்தை முற்றிலும் அறுக்கலாகாது, சிந்திய கதிரைப் பொறுக்கலாகாது, அது ஏழைக்கும் அயலானுக்கும் உரியது என்கிறது லேவியர் நூல் (லேவி 19:9-10). மோவாபிய அயற்பெண்ணாகிய ரூத்து, போவாசின் வயலில் கதிர் பொறுக்கியது அச்சட்டத்தின் நிழலில்தான். நகரத்தை முற்றுகையிடும் படைகூட அங்குள்ள கனிமரங்களை வெட்டலாகாது (இச 20:19).

இவற்றுள் என்னை மிகவும் சிந்திக்க வைப்பது மற்றொரு கட்டளை. போருக்கு ஆள் திரட்டும்போது, திராட்சைத் தோட்டம் நட்டு அதன் பலனை இன்னும் நுகராதவன் எவனாவது இருந்தால், அவன் வீடு திரும்பட்டும் என்று அறிவிக்க வேண்டுமாம். அவன் போரில் இறந்து வேறொருவன் அதன் கனியை உண்ண நேரிடலாகாது (இச 20:6). போர் என்பது ஒரு நாட்டின் தலையாய தேவை. அந்தத் தேவையே ஒரு சாதாரண உழவனின் முதல் விளைச்சலுக்காக ஒதுங்கி நிற்க வேண்டும் என்றால், விளைந்து நிற்பதற்கு ஆண்டவர் திருமுன் எத்தகைய மதிப்பு இருக்க வேண்டும்! நட்டவன் நுகராமற்போவது திருச்சட்டத்தில் சாபம் (இச 28:30). நட்டவனே உண்பது எசாயா இறைவாக்கினர் காணும் புதிய வானமும் புதிய மண்ணும் (எசா 65:21-22).

ஆகவே, விளைச்சலுக்கு உரியவர் யார் என்ற கேள்விக்கு முதல் விடை இதுவே: அதன் முதிர்ச்சிக்காகக் காத்து அமர்ந்திருப்போர் அனைவரும். நட்டவர் அதில் முதலாமவர். அவர் மட்டுமே அல்லர். அவர்கள் உண்டு எழும்வரை காத்திருப்பது, உரிமை எவ்வளவு பெரிதாயினும், எல்லார்மீதும் விழுந்த கடமை.

காத்திருக்க இயலாதவையும் காத்திருக்க விரும்பாதவையும்

2011 திசம்பர் 30 அன்று விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. தைக்கு இரண்டு வாரமே இருந்தது. தலைமுறைகளாகக் காத்த முந்திரி மரங்களும் பலா மரங்களும் ஆயிரக்கணக்கில் வேரோடு சாய்ந்தன. அந்த அழிவுக்கு முன் மனிதன் அழலாம்; இறைவனிடம் முறையிடலாம்; ஆனால் புயலிடம் காத்திரு என்று சொல்ல இயலாது. இயற்கையின் அழிவில் துயரம் உண்டு, அநீதி இல்லை.

2023 சூலை 26 அன்று இதே மாவட்டத்தில், சேத்தியாத்தோப்புக்கு அருகிலுள்ள வளையமாதேவியில் நிகழ்ந்தது வேறு வகை. நெய்வேலி நிறுவனத்தின் இரண்டாம் சுரங்கப் பணிக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டும் இயந்திரங்கள், பச்சைப் பயிராய் நின்ற நெல் வயலில் இறங்கின. அறுவடைக்கு ஏறத்தாழ இரண்டு மாதமே எஞ்சியிருந்தது. அக்காட்சியைத் தொலைக்காட்சியில் கண்ட தமிழகம் கலங்கியது. சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, இரண்டு மாதம் காத்திருக்கக் கூடாதா என்று நீதியரசரே வருந்திக் கேட்டார். பின்னர், பயிரிழப்புக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்க ஆணையிடப்பட்டது. அழியாமல் எஞ்சிய பயிரை அறுத்துக்கொள்ளச் செப்டம்பர் 15 வரை அவகாசமும் தரப்பட்டது. வடலூர் அங்கிருந்து தொலைவில் இல்லை. பயிர் சோர்வதைக் கண்டு தம் உயிர் சோர்ந்ததாகப் பாடிய இராமலிங்க அடிகள் வாழ்ந்த மண் அது.

நிறுவனத்தின் தரப்பையும் நேர்மையோடு எண்ணிப் பார்க்க வேண்டும். நிலம் பல ஆண்டுகளுக்கு முன்னரே கையகப்படுத்தப்பட்டது, பருவமழைக்கு முன் கால்வாய் முடியாவிட்டால் வெள்ளம் சுரங்கத்துக்குள் பாயும் என்பது அதன் வாதம். அது வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. 1935-இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தென்பட்ட கருந்துகள்தான், 1956-இல் நிறுவப்பட்ட நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனத்துக்கு வித்து. அங்கு எரியும் நிலக்கரியின் வெளிச்சத்தில் படித்துப் பட்டம் பெற்றவர் நம்மில் எத்தனை பேர்! நம் ஆலயங்களின் விளக்கும் ஒலிபெருக்கியும் அந்த மின்சாரத்தில் பங்கு பெற்றவையே. மின்விசிறியின் கீழ் அமர்ந்துகொண்டு சுரங்கத்தை மட்டும் பழிப்பது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போலாகும்.

ஆனால் அதே பழமொழி எதிர்த்தரப்பையும் கேட்கிறது. பொது நலன் என்னும் சோற்றில் ஓர் உழவனின் முழு விளைச்சலை மறைக்க முடியுமா?

நாபோத்தின் வரலாறு நமக்கு நன்கு தெரிந்ததே (1 அர 21). ஆகாபு அரசன் அவனுடைய திராட்சைத் தோட்டத்தைக் கேட்டது எதற்காக? காய்கறித் தோட்டம் போடுவதற்காக. அரசன் தொடக்கத்தில் கொடியவனாக நடந்துகொள்ளவில்லை. அதைவிட நல்ல தோட்டத்தை மாற்றாகத் தருவதாகவோ, விலையை வெள்ளியாகத் தருவதாகவோ சொன்னான். இன்றைய மொழியில் சொன்னால் அது சந்தை மதிப்புக்கும் மேலான இழப்பீடு. இல்லை என்ற ஒரு சொல்லைத் தாங்க இயலாமற்போனதில்தான் அவனது வீழ்ச்சி தொடங்கியது. அதன்பின் ஈசபேல் செய்தது அனைத்தும் சட்டத்தின் வடிவில் நடந்தது: முத்திரையிட்ட மடல், கூடிய மக்கள், இரண்டு சாட்சிகள். சட்டத்தின் வடிவம் இருந்தது. நீதியின் உயிர் இல்லை. இன்றைய எந்த நிறுவனத்தையும் ஈசபேலோடு ஒப்பிடுவது நேர்மையாகாது. ஆனால் இழப்பீடு கொடுத்துவிட்டால் கேள்வி முடிந்துவிட்டது என்று எண்ணும் ஒவ்வொரு காலத்துக்கும் நாபோத்தின் மறுப்பு ஓர் எச்சரிக்கை.

இழப்பீடு நெல்லின் விலையைத் தரும். அதுவும் சிறிதன்று, பிள்ளையின் கல்விக் கட்டணம் அதில் அடங்கியிருக்கலாம். ஆனால் நட்டவன் அறுத்தான் என்ற நிறைவை அது தருவதில்லை. பந்தியிலிருந்து எழுப்பப்பட்டவன் கையில் சாப்பாட்டுக் காசைத் திணித்தால் அவன் பசி தீரலாம், அவமானம் தீராது.

எனில், விளைந்து நிற்பதை ஒருபோதும் தொடலாகாதா? அப்படியும் சொல்ல இயலாது. பெருவெள்ளத்தில் ஊரைக் காக்க வயல் வரப்பை வெட்டிவிடும் கட்டாயம் நேரலாம். கதிர் முற்றிய வயல் ஒன்று மூழ்கும், ஊர் பிழைக்கும். அது நேர்மையாக நடந்தால் அநீதி ஆகாது. ஏன்? காத்திருக்க உண்மையிலேயே வழி இல்லை. இழக்கப்போகிறவனிடம் முதலில் கேட்கிறார்கள். அவன் இழந்ததை ஊர் தன் களத்து நெல்லால் பகிர்ந்துகொள்கிறது. இம்மூன்றையும் நாம் உரைகல்லாகக் கொள்ளலாம். காத்திருக்க மெய்யாகவே இயலாதா? இழப்பவர் முகம் பார்த்துக் கேட்டோமா? அவர் இழப்பில் நாமும் ஒரு பங்கைச் சுமந்தோமா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடியாத இடத்தில், கையிலிருக்கும் ஆணை எவ்வளவு செல்லுபடியாயினும், பந்தியிலிருந்து ஒருவரை எழுப்புகிறோம் என்றே பொருள்.

நம் வீட்டு வரப்பு

இதுவரை அரசரையும் நிறுவனத்தையும் பற்றிப் பேசினோம். இனி நம் பக்கம் திரும்புவோம். நம் பங்குகளில் பாகப் பிரிவினைக்காக அண்ணன் தம்பி வழக்காடுவதைக் காண்கிறோம். தம்பி உழுது பயிரிட்ட கொல்லையில், கதிர் வரும் நேரம் பார்த்து அளவுக் கல் நடுவோர் உண்டு. தீர்ப்பு அவர்கள் பக்கமே இருக்கலாம். ஆனால் அறுவடை முடியட்டும் என்ற ஒரு சொல், தீர்ப்பால் உடைந்த உறவை ஒட்டவைக்கும் வல்லமை உடையது. அதைச் சொல்ல நம் நாவு ஏன் மறுக்கிறது?

குத்தகைக்கு விட்ட நிலத்துக்கு நல்ல விலை வந்ததும், மல்லாட்டை மண்ணுக்குள் இருக்கும்போதே மனைக்கல் நடும் ஆசையும் நம்மிடையே உண்டு. கொடுத்த கடனுக்காகக் களத்து மேட்டிலேயே மூட்டையைப் பிடிப்பதும் உண்டு. கூலியாள் நட்டுவைத்த கிணற்றடிக் கொடியில் காய்த்த பரங்கியை, நிலம் என்னுடையது என்ற ஒரே நியாயத்தால் முழுதும் எடுத்துக்கொள்வதும் உண்டு. தைத் திங்கள் முதல் நாள் திருப்பலியில் காணிக்கையாக வரும் காய்களைக் காணும்போது, இக்காய் விளைந்த நிலத்தில் யாரேனும் பந்தியிலிருந்து எழுப்பப்பட்டார்களா என்று குருவானவரும் இறைமக்களும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நல்லது. சகோதரனுக்கு நம்மேல் மனத்தாங்கல் இருந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அவனோடு நல்லுறவு கொள்ள வேண்டும் என்று ஆண்டவர் கற்பித்தது (மத் 5:23-24) இதற்கும் பொருந்தும்.

பயிருக்கு மட்டுமா இந்நீதி? வயலில் களை முளைத்ததைக் கண்ட பணியாளர் உடனே பிடுங்க விரைந்தபோது, அறுவடைவரை இரண்டையும் வளரவிடச் சொன்னார் நற்செய்தியின் வீட்டுத் தலைவர் (மத் 13). களைக்கே தவணை தருபவர் நம் ஆண்டவர். படிப்பில் பின்தங்கிய பிள்ளையை, மனம் மாறத் தாமதிக்கும் கணவரை, முதுமையில் முனகும் தாயைக் கணக்குப் பார்த்துக் களையத் துடிக்கும் நம் அவசரத்துக்கு இதைவிட நல்ல மருந்து ஏது? காய் பெருத்தது நமக்குத் தெரியும். முற்றியது காம்புக்குத்தான் தெரியும்.

யோனாவின் கொடி

விவிலியத்திலும் ஒரு கொடி உண்டு. நினிவே நகரம் அழியவில்லையே என்று சினம் கொண்டு வெயிலில் அமர்ந்திருந்த யோனாவுக்கு நிழல் தர, ஆண்டவர் ஒரே இரவில் ஒரு செடியை வளரச் செய்தார். நம் தமிழ் மொழிபெயர்ப்பில் அது ஆமணக்குச் செடி. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அது சுரை, பரங்கி இனத்துக் கொடி. ரோமை நிலத்தடிக் கல்லறைகளின் சுவர்களில் யோனா படுத்திருப்பது அத்தகைய கொடிப் பந்தலின் கீழேதான். புனித எரோணிமுஸ் எபிரேய மூலத்தைப் பார்த்து வேறொரு கொடியின் பெயரை இலத்தீனில் எழுதினார். வட ஆப்பிரிக்காவில், இன்றைய திரிப்போலியாகிய ஓயா நகரில், ஆயர் அப்புதிய மொழிபெயர்ப்பை வாசித்தபோது மக்கள் கொந்தளித்தனர் என்று புனித அகுஸ்தினார் 403-ஆம் ஆண்டு அவருக்கு மடல் எழுதினார். தாய்மார் நினைவிலும் பாட்டன்மார் செவியிலும் பதிந்த ஒரு கொடியைக் காணோம் என்பதே அம்மக்களின் குறை!

அக்கலகத்தை எண்ணிப் புன்னகைக்கலாம். ஆனால் அது உணர்த்தும் உண்மை ஆழமானது. தனக்கு நிழல் தந்த கொடியை மனிதன் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. யோனாவும் அவ்வாறே. மறுநாள் புழு அரித்துக் கொடி வாடியபோது, சாகும் அளவுக்கு வருந்தினான். ஆண்டவர் அவ்வருத்தத்தை ஏளனம் செய்யவில்லை. கேவலம் ஒரு செடிக்காகவா அழுகிறாய் என்று கடிந்து தள்ளவும் இல்லை. அவ்வருத்தத்தையே படியாக்கி அவனை மேலே ஏற்றினார். நீ நடாத, நீ வளர்க்காத ஒரு கொடிக்காக இவ்வளவு இரங்குகிறாய் என்றால், இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களும் எத்தனையோ கால்நடைகளும் வாழும் நகரத்துக்காக நான் இரங்க வேண்டாமா என்று கேட்டார். யோனாவின் நூல் அக்கேள்வியோடு முடிகிறது. அவன் என்ன விடை சொன்னான் என்பது எழுதப்படவில்லை.

நடாத கொடிக்காக அழுத யோனாவுக்கே இறைவன் செவிகொடுத்தார் என்றால், தன் கையால் நட்டு, நீர் ஊற்றி, 175 நாள் காத்திருந்தவரின் கண்ணீருக்கு எத்தகைய செவிகொடுப்பார்! ஆனால் அக்கண்ணீரையும் அவர் அங்கேயே நிறுத்திவிடமாட்டார். உன் கொடிக்காக அழுகிறாய். உன்னால் எழுப்பப்பட்டவனின் கொடிக்காக அழுதாயா என்று நம்மையும் கேட்பார். நாட்டின் தேவை என்று சொல்வோரையும் அவர் கேட்பார். பட்டாவை நீட்டுவோரையும் கேட்பார்.

விளைச்சலுக்கு உரியவர் யார் என்று தொடங்கினோம். நிலம் இறைவனுடையது, பந்தி நம் எல்லாருடையது, இலை போடப்பட்டவரை எழுப்பும் உரிமை எவருக்கும் இல்லை. இந்தத் தையில் நம் வீட்டுக்கு வந்து சேரும் பரங்கிக்காயைக் கீற்றுகளாக அறுக்கும்போது, எத்தனை கீற்று என்பதை எண்ணிக்கொள்வோம். நம் இலைக்கு ஒன்று. மற்றவை யார் யார் இலைக்கு?